தடதடப்பு அடங்கிய போடி லைன்

மீட்டர்கேஜ் காலத்தில் மதுரை வண்டி போடிக்குள் நுழைவதைக் கண்ணால் பார்க்க வேண்டியதில்லை. தண்டவாளத் துண்டுகளை ஃபிஷ் பிளேட் வைத்து, போல்ட் முடுக்கி இணைத்திருப்பார்கள். வெயிலில் இரும்பு நீளும் என்று நடுவே கொஞ்சம் இடைவெளி. அதில் ஒவ்வொரு சக்கரமும் விழுந்து எழும் அடிதான் அந்தத் தடக் தடக். சத்தம் காற்றோடு போய்விடும். அடி போகாது; சிலிப்பர் கட்டையிலிருந்து ஜல்லிக்கும், ஜல்லியிலிருந்து மண்ணுக்கும், அங்கிருந்து பக்கத்து வீட்டு அஸ்திவாரத்துக்கும் இறங்கும். அலமாரி எவர்சில்வர் டம்ளர்கள் கிணுகிணுக்கும்.

1928-இல் வந்த பாதை அது. அகலப்பாதை போடுவதற்காக 2010 டிசம்பரோடு மூடினார்கள். மதுரையிலிருந்து 90 கிலோமீட்டர்தான். ஆனால் தேனிக்கு வண்டி வர 2022 மே, போடிக்கு வர 2023 ஜூன் 15 ஆகிவிட்டது. அதற்குள் ஏலக்காய் மூட்டை லாரிக்கும், ஊர்க்காரர்கள் பஸ்ஸுக்கும் பழகிவிட்டார்கள். பன்னிரண்டு வருஷம் அதிர்வே இல்லை. ஊர் கேட்டு வாங்கிய நிம்மதி அல்ல அது.

இப்போது தண்டவாளங்களைப் பெரும்பாலும் வெல்டிங் வைத்து ஒன்றாக்கிவிடுகிறார்கள். கட்டை இருந்த இடத்தில் கான்கிரீட் சிலிப்பர். மரம் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும், கான்கிரீட் கொடுக்காது. அதனால்தான் தண்டவாளத்தின் பாதத்துக்கு அடியில் சுண்டுவிரல் கனம்கூட இல்லாத ஒரு கறுப்பு ரப்பர் பட்டை. இரண்டு பக்கமும் வளைந்த கிளிப்புகள் தண்டவாளத்தை அதன்மேல் அழுத்திப் பிடித்திருக்கும். பட்டை முழுக்க வரிவரியாகப் பள்ளம், அழகுக்காக அல்ல. ரப்பரை அழுத்தினால் அது சுருங்காது, பக்கவாட்டில் பிதுங்கும். பிதுங்க இடம் இருந்தால்தான் மெத்தென்று இருக்கும்.

சுரங்க ரயில் ஓடும் நகரங்களில் சில இடங்களில் இந்தப் பட்டை மட்டும் போதாது. லண்டனில் நிலத்தடி ரயில் நிலையத்துக்கு நேர் மேலே 1966-இல் எழுந்த ஆல்பனி கோர்ட் குடியிருப்பை ரப்பர் தாங்கிகள் மேலேயே உட்கார வைத்தார்கள். ரப்பர் ஏடு, எஃகுத் தகடு, மறுபடி ரப்பர் என்று அடுக்கி ஒட்டியவை இத்தகைய தாங்கிகள். பட்டையில் பிதுங்க வழி விட்டார்கள் என்றால் இங்கே தகடு பிதுங்க விடாமல் பிடிக்கிறது. இல்லாவிட்டால் மாடிகளின் பாரத்தில் ரப்பர் தோசை மாவாகப் பரவிவிடும். ரயில் நொடிக்குப் பல பத்து முறை உலுக்குகிறது. ரப்பர்மேல் நிற்கும் கட்டடமோ நொடிக்குப் பத்து முறைகூட மேலும் கீழும் ஆடாது. அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் சும்மா இருந்துவிடும். ஆனால் ஒரே ஒரு தண்ணீர்க் குழாயைத் தரையிலிருந்து இறுக்கமாக மேலே கொண்டுபோனால் போதும், அதைப் பிடித்துக்கொண்டே அதிர்வு ஏறிவிடும்.

நிலநடுக்கத்துக்குக் கணக்கு வேறு. ஏடுகள் மெல்லியவை, தாங்கி பக்கவாட்டில் நெகிழ வேண்டும். 2001-இல் குஜராத்தின் புஜ் நகரில் இடிந்த மருத்துவமனைக்குப் பதிலாகக் கட்டியது ஈயம் வைத்த ரப்பர் தாங்கிகள்மேல் நிற்கிறது.

போடியில் வீட்டுக்கடியில் ரப்பர் வைப்பது வீண்செலவு. நாளுக்குச் சில வண்டிகள்தான். அதிர்வைப் பிறக்கும் இடத்திலேயே அடக்குவது மலிவு. பட்டை நைந்துபோனால் கேங்மேன்கள் கிளிப்பைத் தட்டிக் கழற்றி, தண்டவாளத்தைச் சற்றுத் தூக்கி வேறு பட்டை செருகிவிடுவார்கள். கட்டடத்தில் அப்படி முடியாது. ஜாக்கி நுழைய இடம் வேண்டும் என்பதை வரைபடம் போடும்போதே யோசித்திருக்க வேண்டும்.