நிலமே பாடநூல் - 7: ஜவளகிரியின் பழுப்புக் கோடுகள்

பத்தாம் வகுப்பு சமூக அறிவியலோடு நம் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குப் புவியியல் முடிந்துவிடுகிறது. பிளஸ் ஒன்னில் அந்தப் பாடம் உள்ள பள்ளிகள் குறைவு. எடுத்துப் படிப்பவர்களும் சம உயரக் கோடுகளைச் செய்முறைத் தேர்வுக்காக வரைந்து பழகுவதோடு சரி. அந்தக் கோடுகளைத் தரையில் பார்த்துப் படிக்க அருமையான இடம் ஜவளகிரி.

தேன்கனிக்கோட்டை வட்டாரத்தில் கர்நாடக எல்லையை ஒட்டிய ஊர் இது. இந்திய சர்வே துறையின் 57 எச் வரிசைத் தாள்களில் இப்பகுதி வருகிறது. 1:50,000 அளவுத் தாளில் 2 செ.மீ. என்றால் தரையில் 1 கி.மீ. சம உயரத்தைக் காட்டும் ஒரு பழுப்புக் கோட்டுக்கும் அடுத்ததற்கும் 20 மீட்டர் உயர வேறுபாடு. ஓசூர்ப் பக்கம் சுமார் 900 மீட்டர் உயரப் பீடபூமி. கோடுகள் விலகி விலகிக் கிடக்கும். அஞ்செட்டி தாண்டிக் காவிரிப் பள்ளத்தாக்கை நோக்கி விரலை நகர்த்தினால் நெருக்கியடிக்கும்.

நீரோட்டங்களைக் காட்டும் நீலக் கோடுகளைப் பென்சிலால் தொடர்ந்தால் இன்னொரு பாடம். ஓசூர்த் தண்ணீர் தென்பெண்ணையில் சேர்ந்து கடலூர் அருகே கடலுக்குப் போகிறது; அஞ்செட்டி ஓடைகளோ காவிரிக்கு. நந்தி மலையில் பிறக்கும் தென்பெண்ணை பெங்களூரின் கழிவையும் சுமந்து வருவதால்தான் கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்குகிறது.

காட்டைக் காட்டும் பச்சை நிறத்துக்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். ராகி முற்றும் பருவத்தில் ஆண்டுதோறும் பன்னேர்கட்டாவிலிருந்து யானைக் கூட்டங்கள் ஜவளகிரிக் காட்டுக்குள் வருகின்றன. அங்கிருந்து நொகனூர், ஊடேதுர்க்கம், சானமாவு எனக் காடு காடாக நகர்கின்றன. வரைபடத்தில் இவை தனித்தனிப் பச்சைத் திட்டுகள். இடையில் வயலும் வீடும் சாலையும். சானமாவு அருகே பெங்களூர் - கிருஷ்ணகிரி நெடுஞ்சாலையே குறுக்கிடுகிறது. திட்டுகளுக்கு இடைப்பட்ட தூரத்தை ஒரு மாணவி ஸ்கேலால் அளந்தாலே போதும், பயிர் எங்கே அழியும், உயிர் எங்கே போகும் என்று ஊகித்துவிடுவாள். காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயம் 2014-இலும், காவிரி தெற்கு 2022-இலும் அறிவிக்கப்பட்டன. இரண்டும் சேர்ந்தால் ஏறத்தாழ 1,190 சதுர கி.மீ. ஆனாலும் யானைக்கும் விவசாயிக்கும் மோதல் நடப்பது பெரும்பாலும் காட்டு விளிம்பிலும் இந்த இடைவெளிகளிலும்தான்.

காட்டிலிருந்து வயலுக்கு வந்தால் அங்கும் ஒரு பாடம். சீக்கிரம் அழுகும் விளைபொருள் நகரத்துக்குப் பக்கத்தில் விளையும் என்று 1826-இல் எழுதினார் ஜெர்மானியர் ஃபான் தூனன். தளி, ஓசூர்ப் பக்கத்துப் பசுமைக்குடில் ரோஜாவும் முட்டைக்கோஸும் தக்காளியும் அதற்குக் கண்முன் சாட்சி. ஆனால் குளிரூட்டிய லாரியும் விமான நிலையமும் அவர் கணக்கில் இல்லை. ஓசூர் ரோஜா வெளிநாட்டுக்கே பறக்கிறது. கோட்பாடு எங்கே பொருந்துகிறது, எங்கே பிசகுகிறது என்று வயல்வரப்பில் நின்று வாதாடுவதுதான் மேல்நிலைப் படிப்பு.

இப்படி நிலத்தில் நின்று படிக்கப் பெரிய செலவு கிடையாது. சர்வே துறையின் இணையதளத்தில் வரைபடம் இலவசமாகவே கிடைக்கிறது. தலைமையாசிரியர்களே, புவியியல் பிரிவு தொடங்க அனுமதி கேளுங்கள். பெற்றோரே, பிள்ளை அந்தப் பாடத்தைக் கேட்டால் தடுக்காதீர்கள்.