பேக்கப் இருக்கு, போட இடமில்ல

போன எபிசோட்ல ஆர்க்ஜிஐஎஸ் எண்டர்பிரைஸை ஏடபிள்யூஎஸ்ல நிறுவினோம். இன்னைக்கு அப்கிரேட்.

வரிசை குழப்பமில்ல: முதல்ல போர்ட்டல், அப்புறம் சர்வர், கடைசியா டேட்டா ஸ்டோர். வெப் அடாப்டர்களும் கூடவே மாறணும்.

மாட்டுறது பேக்கப்லதான். வெப்ஜிஐஎஸ்டிஆர் டூல்ல எடுக்குற பேக்கப் அதே வெர்ஷன்லதான் ரீஸ்டோர் ஆகும். 11.1-ல எடுத்ததை 11.3-ல போட முடியாது. இது தெரியாம ஒரு சனிக்கிழமை ராத்திரி இறங்கினேன். போர்ட்டல் ஏறிடுச்சு, சர்வர் பாதியில நின்னுடுச்சு. திங்கக்கிழமை காலையில கஸ்டமரோட களப்பணியாளர்கள் அந்த மேப்பைத் திறக்கணும். பழைய வெர்ஷனை முதல்லேருந்து நிறுவி பேக்கப்பைப் போட்டு முடிக்கிறதுக்குள்ள ஞாயித்துக்கிழமை போயிடுச்சு.

இப்பல்லாம் எல்லாத்தையும் நிறுத்திட்டு, எல்லா மெஷினையும் ஒரே நேரத்துல ஸ்னாப்ஷாட் எடுப்பேன். ஒரு மெஷினை மட்டும் பழைய நிலைக்குத் திருப்பினா, போர்ட்டல்ல இருக்கிறதும் சர்வர்ல இருக்கிறதும் ஒத்துப்போகாது.

அந்த ஸ்னாப்ஷாட்டை வச்சே தனி நெட்வொர்க்ல ஒரு நகல் எழுப்பி, அங்க ஒத்திகை பாருங்க. யூஆர்எல் மாறக் கூடாது. ஹோஸ்ட்ஸ் ஃபைல்ல அதே பெயருக்கு நகலோட ஐபியைக் கொடுத்தா போதும். ஒத்திகை முடிஞ்சதும் நகலை அழிச்சிடுங்க. இல்லன்னா மாசக் கடைசியில பில் வரும், ஃபைனான்ஸ்லேருந்து போனும் வரும்.