பழைய பெட்டியில் புதிய குரல்



பழைய மோட்டார் வண்டி ஒன்றை வீட்டில் வைத்துக் காப்பது யானையைக் கட்டித் தீனி போடுவதற்கு ஒப்பாகும் என்று கூறுவார் உளர். அக்கூற்றில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும் பெற்றோர் பேணிய பொருளைப் பிள்ளைகள் எளிதில் கைவிடுவதற்கில்லை. அத்தகைய வண்டி ஒன்றில் வாய் மூடிக் கிடந்த வானொலிப் பெட்டியை, அதன் பழைய முகம் சிறிதும் மாறாமல், இக்காலத்துக்கு ஏற்பப் பேசவைத்த அனுபவத்தை இங்கு எழுதப் புகுகின்றேன். நான் இரயில்வேயில் எழுத்தர். பத்தாம் வகுப்புவரை படித்தவன். மின்னியல் வல்லுநன் அல்லன். ஆதலின் என்னைப் போன்ற சாமானியர்க்கு விளங்கும் அளவிலேயே இதனைக் கூற இயலும்.

வண்டியின் வரலாறு

என் தந்தையார் லால்குடியை அடுத்த சிற்றூரில் பிறந்தவர். 1973ஆம் ஆண்டில், தம் இருபதாம் வயதில், ஓட்டுநர் வேலை தேடிப் பெங்களூர் வந்து சேர்ந்தார். அவ்வாண்டு நவம்பர் 1ஆம் நாளில்தான் மைசூர் இராச்சியம் கர்நாடகம் எனப் பெயர் பெற்றது. அவர் பணிக்கு அமர்ந்த வீட்டில் இருந்தது, 1970ஆம் ஆண்டில் பம்பாய்க் குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் தொழிற்சாலையில் உருவான பியட் 1100 வண்டி. எண் பலகையில் பழைய மைசூரைக் குறிக்கும் ‘எம்.ஒய்.’ எழுத்துகளையே அது இன்றளவும் தாங்கி நிற்கின்றது. முதலாளி முதுமையுற்றபோது, குறைந்த விலைக்கு அதனை என் தந்தையாருக்கே கொடுத்துவிட்டார்.

முன்பலகையின் நடுவே, வண்டி புதிதாக வந்தபோதே பொருத்தப்பட்ட வானொலிப் பெட்டி. இடப்புறம் ஒலிக்குமிழ், வலப்புறம் நிலையம் தேடும் குமிழ், இடையே மஞ்சள் ஒளி கசியும் கண்ணாடியும் சிவப்பு முள்ளும். மத்திய அலை, சிற்றலை இரண்டையும் அது பிடிக்கும். அந்நாளில் வானொலிக்கு அஞ்சல் நிலையத்தில் உரிமக் கட்டணம் செலுத்த வேண்டும். 1980களில் அவ்வழக்கம் ஒழிந்தது. அந்த உரிமப் புத்தகம் இன்னும் எங்கள் வண்டியின் கையறைப் பெட்டியில் இருக்கின்றது. முதலாளிக்காகத் தெருவோரத்தில் காத்துக் கிடந்த மாலைகளில் இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவைதான் தமக்குத் துணை என்று தந்தையார் அடிக்கடி கூறுவார். புதிய ஊர், புரியாத மொழி, தனிமை! அவற்றுக்கு நடுவே ஊரின் குரலைக் கொண்டு வந்து தந்தது அந்தப் பெட்டியே.

சில ஆண்டுகளுக்கு முன் அது முற்றிலும் அடங்கிவிட்டது. கடை ஒன்றில் காட்டினோம். “இரும்புப் பலகையை மேலும் கீழும் கொஞ்சம் அறுத்தால் போதும், தொடுதிரைப் பெட்டி ஒன்றை வைத்துவிடலாம்” என்றார் கடைக்காரர். சோதித்துப் பார்க்கிறேன் என்று கழற்றியவர் ஒரு குமிழையும் தொலைத்துவிட்டார். என் தம்பிக்குத் தொடுதிரையில் ஆசை. தந்தையாரோ, “வேண்டுமானால் வண்டியை விற்றுவிடுங்கள், பலகையை மட்டும் அறுக்காதீர்கள்” என்று கூறிவிட்டு வீட்டுக்குள் போய்விட்டார். அதன்பின் அவர் வண்டியில் ஏறி உட்காருவதே அரிதாயிற்று.

அறுக்காமைக்கு மற்றொரு காரணமும் உண்டு. 2021ஆம் ஆண்டு ஜூலையில் மத்திய அரசு, 50 ஆண்டுகளைக் கடந்த பழைய வண்டிகளைத் தனியே பதிவு செய்வதற்கு விதிகளை வெளியிட்டது. வண்டி தன் மூல வடிவில் இருத்தல் வேண்டும். அடிச்சட்டம், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இருத்தலாகாது என்பது அவ்விதியின் சாரம். உள்ளே இருக்கும் வானொலியைச் செப்பனிடுவது வேறு; வண்டியின் தகட்டை அறுப்பது வேறு. அறுத்த தகடு மீண்டும் ஒட்டாது.

பெட்டியின் உள்ளே

மோட்டார் வண்டியில் வானொலி என்பது எளிதாக வந்த காரியமன்று. 1930ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சிகாகோ நகரில் கால்வின் சகோதரர்கள் விற்பனைக்குக் கொண்டு வந்த பெட்டிக்கு இட்ட பெயரே ‘மோட்டரோலா’. அக்காலத்துப் பெட்டிகள் வால்வுகளால் இயங்கின. வால்வுக்கு வேண்டியதோ மிகுந்த வோல்ட்; வண்டியின் பாட்டரி தருவதோ 6 அல்லது 12 வோல்ட். ஆகவே ‘வைப்ரேட்டர்’ என்னும் அதிரும் கருவியும் டிரான்ஸ்பார்மரும் கொண்டு மின்னழுத்தத்தை உயர்த்த வேண்டியிருந்தது. 1947ஆம் ஆண்டில் பெல் ஆய்வுக்கூடத்தில் டிரான்சிஸ்டர் பிறந்தபின் இத்தொல்லை படிப்படியாக நீங்கியது. நம் பெங்களூரிலும் 1954இல் தொடங்கப்பெற்ற பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம், 1960களின் தொடக்கத்தில் வானொலி வால்வுகளையும், அடுத்து ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்களையும் செய்யலாயிற்று.

எங்கள் பெட்டி டிரான்சிஸ்டர் வகை. ஸ்ரீராமபுரத்தில், வானொலி பழுதுபார்ப்பதிலேயே தம் வாழ்நாளைக் கழித்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவரிடம் அதனை எடுத்துச் சென்றேன். மூடியைத் திறந்து அவர் சொன்ன பாடம் எளியது. “தம்பி, இதனை இரண்டு பாதியாகப் பார். முன்பாதி காற்றில் வரும் அலையைப் பிடித்து அதிலிருந்து ஒலியைப் பிரிக்கும். பின்பாதி அந்த ஒலியைப் பெருக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும். இரண்டுக்கும் நடுவே உள்ள வாசற்படிதான் இந்த ஒலிக்குமிழ்” என்றார்.

இவ்வொரு வார்த்தையில் வழி பிறந்தது. முன்பாதி பிடிக்கும் அலைகளில்தான் இன்று குறை. சிற்றலையில் நாம் தேடிய தமிழ்க் குரல்கள் பல அடங்கிவிட்டன, பி.பி.சி. தமிழோசையின் வானொலி ஒலிபரப்பும் 2017 ஏப்ரலோடு நின்றது. மத்திய அலையிலோ, மின்விளக்குகளும் சார்ஜர்களும் எழுப்பும் இரைச்சல் நகரெங்கும் கலக்கின்றது. பண்பலை இந்நாட்டில் 1977இல் சென்னையில்தான் முதலில் தொடங்கியது. நாட்டின் முதல் தனியார் பண்பலை நிலையம் நம் பெங்களூரில் 2001இல் எழுந்தது. 1970இல் பிறந்த பெட்டிக்கு அந்த அலை தெரிய வழியில்லை. மத்திய அலை தன் உயரத்தை ஏற்றி இறக்கி ஒலியைச் சுமக்கும். பண்பலை தன் அதிர்வெண்ணைக் கூட்டிக் குறைத்துச் சுமக்கும். முன்னதைப் படிக்கக் கற்ற பெட்டிக்குப் பின்னது விளங்காது. ஆனால் பின்பாதிக்கு இந்த வேறுபாடு ஒன்றுமில்லை. எங்கிருந்து ஒலி வந்தாலும் அது பெருக்கித் தரும்.

மூன்று வழிகள்

முதல் வழி: பழைய பெட்டியை அழகுக்காக அப்படியே விட்டு, புதிய கருவியை இருக்கைக்கு அடியிலோ கையறைப் பெட்டியிலோ ஒளித்து வைப்பது. எளிய வழியே, ஆயின் பழைய பெட்டி பொம்மையாகி விடும்.

இரண்டாம் வழி: பழைய உள்ளுறுப்புகளை எடுத்துவிட்டு, அதே குமிழ்களுக்கும் முள்ளுக்கும் இசைய அமைந்த புதிய பலகையை உள்ளே பொருத்துவது. மேனாடுகளில் இதனையே தொழிலாகச் செய்யும் பட்டறைகள் உள்ளன. முகம் பழையது, உயிர் முழுதும் புதியது. செலவு மிகுதி.

மூன்றாம் வழி: பழைய பெட்டியைச் செப்பனிட்டு, வாசற்படியாகிய ஒலிக்குமிழில் புதிய ஒலிக்கு ஒரு நுழைவு வைப்பது. பழைய வானொலியும் பாடும். புதியதும் அதே ஸ்பீக்கரில் பாடும். வேண்டாதபோது பழையபடி மாற்றிவிடலாம். நாங்கள் மேற்கொண்டது இதுவே.

செய்த முறை

முதலில் பெட்டியின் நோய் தீர வேண்டும். உடனே பாட்டரியோடு இணைத்துப் பார்ப்பது பிழை என்றார் பெரியவர். 12 வோல்ட், 21 வாட் பல்பு ஒன்றை வழியில் தொடராக வைத்து மின்சாரம் கொடுத்தார். பல்பு பிரகாசமாக எரிந்தால் உள்ளே எங்கோ ஷார்ட் உள்ளதென்று பொருள். பெட்டி கருகாமல் பல்பு காத்துவிடும். எங்கள் பல்பு மங்கலாகக் கூட எரியவில்லை. உள்ளே எலக்ட்ரோலிடிக் கண்டென்சர்கள் ஐம்பது ஆண்டு வெயிலில் உலர்ந்து போயிருந்தன. அவற்றை மாற்றியதும் பெட்டி கரகரத்து, பின் தெளிந்து, மத்திய அலையில் பெங்களூர் வானொலியைப் பிடித்தது. 1935இல் மைசூரில் பேராசிரியர் எம்.வி. கோபாலஸ்வாமி தம் வீட்டில் தொடங்கி, 1955இல் பெங்களூருக்குப் பெயர்ந்து வந்த ‘ஆகாசவாணி’யின் வழி வந்த நிலையம் அது. பாதி வெற்றி கிட்டியது.

அடுத்துப் புதிய உறுப்பு. எஸ்.பி. ரோட்டில் புளூடூத்தும் பண்பலையும் சேர்ந்த சிறு பலகை மலிவாகக் கிடைத்தது. அது 5 வோல்ட்டில் இயங்குவது. எஞ்சின் ஓடும்போது வண்டியின் மின்னழுத்தம் 14 வோல்ட்டையும் தாண்டுவதால், நேரே இணைப்பின் கருகிவிடும். ஆகவே மின்னழுத்தத்தைக் குறைக்கும் கன்வர்ட்டர் ஒன்றை இடையில் வைத்தோம். அது தானே ஓர் இரைச்சலை எழுப்புமாதலால் தகரப் பெட்டிக்குள் அடைத்து, வானொலிக்கு எட்ட, கையறைப் பெட்டியின் மூலையில் அமைத்தோம். தனி பியூஸும் வைத்தோம்.

புதிய பலகை இடம் வலம் என இரு வழி ஒலி தரும். நம் பெட்டிக்கு ஒரு வழியே உண்டு. இரண்டையும் நேரே முறுக்கி இணைத்தலாகாது. ஒவ்வொன்றிலும் 1,000 ஓம் தடை வைத்துப் பின்னரே ஒன்றாக்கினோம். ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்ப் பெட்டிகள் சிலவற்றில் ஒலிச்சுற்றின் பொதுக் கம்பி நேர்முனையோடு சேர்ந்திருக்கும்; வண்டியின் உடலோ எதிர்முனை. தெரியாமல் இணைத்தால் புகை கிளம்பும். ஆகவே கட்டைவிரலளவு ஆடியோ டிரான்ஸ்பார்மர் ஒன்றை இடையில் வைத்து ஒலியை மட்டும் கடக்கவிட்டோம். டைனமோவின் ‘கீங்’ என்னும் ஓலமும் அதனால் நின்றது. பெட்டியின் பின்புறம், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், பழையது புதியது மாற்றும் சிறு சுவிட்சு ஒன்று. முன்பாதியிலிருந்து குமிழுக்கு வரும் ஒரே ஒரு கம்பியைக் கழற்றி அதன் வழியே செலுத்தினோம். வேறெந்தக் கம்பியையும் வெட்டவில்லை. ஒரு துளையும் இடவில்லை.

ஸ்பீக்கர் இல்லாமல் பெட்டியை இயக்கிப் பார்ப்பதும், வெயிலில் கொதித்த வண்டியில் உடனே உரக்கப் பாடவிடுவதும் ஆகா; பழைய டிரான்சிஸ்டர்கள் சூட்டைப் பொறா. தொலைந்த குமிழுக்காகச் சிவாஜிநகரின் பழைய உதிரிப் பொருள் கடைகளில் மூன்று நாள் அலைந்தேன். இறுதியில் பி.வி.கே. ஐயங்கார் ரோட்டின் ஞாயிற்றுச் சந்தையில் ஒத்த அளவினது ஒன்று அகப்பட்டது. கூர்ந்து நோக்கினால் நிறம் சற்று வேறுபடும். எல்லாம் சேர்ந்து செலவு இரண்டாயிரம் ரூபாய்க்குள் அடங்கிற்று.

திருச்சி வானொலி நிலையம்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தந்தையாரை வண்டியில் அமரச் செய்தோம். பிரசார் பாரதியின் ‘நியூஸ் ஆன் ஏர்’ செயலியில் தமிழகத்து வானொலி நிலையங்கள் பல ஒலிக்கின்றன. என் மகள் கைப்பேசியில் திருச்சியைத் தேர்ந்தாள். 1939ஆம் ஆண்டு மே மாதத்தில் தொடங்கப்பெற்ற நிலையம் அது. தந்தையார் லால்குடிப் பக்கத்தில் சிறுவராய் இருந்த நாளில் கேட்டது. மஞ்சள் விளக்கு எரிந்தது. பழைய காகித ஸ்பீக்கரில், பழைய கனத்த குரலில், திருச்சி பேசியது.

தந்தையார் ஒலிக்குமிழைத் திருகிப் பார்த்தார். ஒலி ஏறி இறங்கிற்று. நிலையம் தேடும் குமிழையும் பழக்கத்தால் திருகினார். முள் நகர்ந்ததே ஒழிய நிலையம் மாறவில்லை. “முள் எங்கேயோ நிற்கிறது, ஆள் எங்கிருந்தோ பேசுகிறான்” என்று நகைத்தார். எங்கள் ஏற்பாட்டின் குறை அதுவே, மறைக்க வேண்டுவதில்லை. மகள் சுவிட்சை மாற்றிக் காட்டவே, முள் நின்ற இடத்து இரைச்சல் கேட்டது. “இது என் பெட்டி” என்றார். பின்னர் திருச்சிக்கே மாற்றச் சொல்லி, நெடுநேரம் அங்கேயே அமர்ந்திருந்தார். இப்போது ஞாயிறுதோறும் பேத்தி பக்கத்தில் அமர்ந்து, அறிவிப்பாளர் சொல்லும் தமிழில் விளங்காத சொற்களை அவரிடம் கேட்கின்றாள். பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் பயிலும் குழந்தைக்கு அதுவும் ஒரு வகுப்பாயிற்று.

அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்

நம்மவருள் பலர் வீட்டில் பழைய பியட்டோ அம்பாசிடரோ தந்தை பாட்டனார் நினைவாக நிற்கலாம். அவற்றில் புதுமை புகுத்துவது குற்றமன்று. ஆனால் எதனைச் செய்தாலும் மீண்டும் பழையபடி ஆக்கத்தக்கவாறு செய்யுங்கள். கழற்றிய உறுப்புகளைப் பை ஒன்றில் இட்டு, எந்தக் கம்பி எங்கிருந்தது என்று தாளில் வரைந்து உடன் வையுங்கள். நாங்கள் உலர்ந்த கண்டென்சர்களைக் கூட எறியாமல், உரிமப் புத்தகத்தின் அருகே வைத்திருக்கின்றோம். பதறாத காரியம் சிதறாது என்பது பழமொழி.

பிழைப்பின் பொருட்டு வேற்றூர் வந்த நாமும் உடையில், உணவில், பேச்சில் எத்தனையோ புதுமைகளை ஏற்றுக்கொண்டோம். அவற்றால் நமக்குக் கேடொன்றும் இல்லை. திரும்பி வருவதற்கு ஒரு சிறு சுவிட்சு எங்கேனும் இருந்தால் போதும். பலகையை மட்டும் அறுக்காதிருப்போமாக!