நீர்ப்பிரமி: நினைவாற்றலுக்கு எவ்வளவு, எத்தனை நாள், யாருக்கு?

மூலிகையும் ஆதாரமும் – 12

சென்ற வாரம் ஜிங்கோவைப் பார்த்தோம். அமெரிக்காவில் 75 வயதும் அதற்கு மேலும் ஆன 3,069 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு ஜிங்கோ மாத்திரையும் மற்றதற்கு அதே தோற்றத்தில் வெற்று மாத்திரையும் கொடுத்து, ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் கவனித்தார்கள். மறதி நோய் வருவதை ஜிங்கோ தடுக்கவில்லை என்பது 2008-இல் தெரிந்துவிட்டது. “அப்படியென்றால் நம்ம ஊர் பிரமியும் அவ்வளவுதானா?” என்ற கேள்வி உடனே எழும். பிரமியின் நிலை வேறு. அதற்குச் சாதகமான சான்று உண்டு. சிறிதாக இருந்தாலும் உண்மையான சான்று. ஆனால் அந்தச் சான்று எதைச் சொல்கிறதோ அதற்கும், கடையில் பிரமியின் பேரில் விற்பனையாகும் நம்பிக்கைக்கும் நடுவே பெரிய இடைவெளி இருக்கிறது.

செடியிலிருந்து தொடங்குவோம். நீர்ப்பிரமியை நீங்கள் பார்த்திருக்கலாம், பெயர் தெரியாமல் தாண்டிப் போயிருக்கலாம். குளத்தோரச் சேற்றிலும் வாய்க்கால் கரையிலும் தரையோடு தரையாகப் படர்ந்து கிடக்கும். இலை சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் நீளம். தடித்து, சதைப்பற்றாக, நுனி மழுங்கி, அடி குறுகியிருக்கும். வெள்ளையிலோ வெளிர் ஊதாவிலோ ஐந்து இதழ்ப் பூ. இலையைக் கிள்ளி வாயிலிட்டால் நல்ல கசப்பு. வல்லாரை இதிலிருந்து முற்றிலும் வேறு: நீண்ட காம்பின் மேல் விரிந்த வட்ட இலை, விளிம்பெல்லாம் சிறு பற்கள். பக்கத்தில் வைத்துப் பார்த்தால் யாரும் குழம்ப மாட்டார்கள். பொடியாகவும் மாத்திரையாகவும் ஆனபிறகுதான் சிக்கல். தமிழகத்திலும் கேரளத்திலும் பிரமி என்றால் நீர்ப்பிரமி. வட மாநிலங்களில் பல இடங்களில் வல்லாரையையும் பிரமி என்றே விற்கிறார்கள். ஆகவே டப்பாவின் முன்பக்கத்துப் பெயரை நம்பாதீர்கள். பின்பக்கத்தில் தாவரவியல் பெயர் இருக்கும். ‘பக்கோபா மொன்னியேரி’ என்றிருந்தால் நீர்ப்பிரமி. ‘சென்டெல்லா ஏசியாட்டிகா’ என்றிருந்தால் வல்லாரை.

எதுவானால் என்ன, இரண்டுமே மூளைக்கு நல்லதுதானே என்று கேட்கலாம். பழைய நூல்களிலேயே இரண்டின் இடம் வேறு. மேதையை வளர்க்கும் ரசாயனங்களாகச் சரக சம்ஹிதை சொல்லும் நான்கில் மண்டூகபர்ணி இருக்கிறது. அது வல்லாரை என்பதே பரவலான கருத்து. பிரமி நெய் வருவது வலிப்பு நோய்க்கான சிகிச்சையில். இன்றைய ஆய்வுகளிலோ இந்த வரிசை தலைகீழாகிவிட்டது. வல்லாரையைப் பற்றிய 11 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2017-இல் வெளியான அலசலில், வெற்று மாத்திரையைவிட அது சிந்தனைத் திறனைக் கூட்டியதாகத் தெரியவில்லை. வல்லாரையைத் துவையலாகவும் கூட்டாகவும் தாராளமாகச் சாப்பிடுங்கள், நல்ல கீரை அது. அதன் மாத்திரையை மட்டும் மாதக்கணக்கில் விழுங்காதீர்கள். அப்படி விழுங்கி 20 முதல் 60 நாட்களுக்குள் கல்லீரல் அழற்சிக்கு ஆளான மூன்று பெண்களைப் பற்றி மருத்துவ இதழொன்று 2005-இல் பதிவு செய்திருக்கிறது.

இனி பிரமிக்கு வருவோம். அதன் நவீனக் கதை லக்னோவில் தொடங்குகிறது. அங்குள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனத்தில் எச்.கே.சிங், பி.என்.தவன் இருவரும் பிரமிச் சாறு கொடுத்த எலிகள் புதிய பாடத்தை விரைவாகக் கற்பதைக் கண்டு 1982-இல் எழுதினார்கள். செடியின் செயலுக்குக் காரணமாகக் கருதப்படும் ‘பக்கோசைடு’ என்னும் பொருள்களை அளவு பிசகாமல் வைத்து, அந்த நிறுவனம் ஒரு சாற்றையும் உருவாக்கியது. 1990-களில் விஸ்வநாதன் ஆனந்தை விளம்பரத்தில் பார்த்து நம் வீடுகள் வாங்கிய ‘மெமரி பிளஸ்’ நினைவிருக்கும், அதுவும் பிரமிதான்.

மனிதர்களிடம் ஒழுங்கான சோதனைகள் பெரும்பாலும் ஆஸ்திரேலியாவில் நடந்தன. 2001-இல் வெளியான ஆய்வில் ஆரோக்கியமான 46 பேர், நாளுக்கு 300 மில்லிகிராம் சாறு, 12 வாரம். அடுத்த ஆண்டில் 40 முதல் 65 வயதுக்குள் இருந்த 76 பேர், மூன்று மாதம். 2008-இல் அமெரிக்காவில் 65 வயது கடந்த 54 பேர். 2010-இல் மறுபடி ஆஸ்திரேலியாவில், 55-ஐத் தாண்டிய 98 பேர். யாருக்கு எந்த மாத்திரை என்பது கொடுப்பவருக்கும் தெரியாது, எடுப்பவருக்கும் தெரியாது.

இவற்றில் என்ன சோதித்தார்கள் என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ‘நினைவாற்றல் கூடியது’ என்ற இரண்டு சொற்களை வைத்துத்தான் விளம்பரங்கள் மாளிகை கட்டுகின்றன. இத்தகைய ஆய்வுகளில் பரவலாகப் பயன்படும் சோதனை இது: ஒன்றோடொன்று தொடர்பில்லாத 15 சொற்களை உரக்கப் படிப்பார்கள். நினைவில் நின்றவற்றை நீங்கள் திருப்பிச் சொல்ல வேண்டும். அதே பட்டியலை ஐந்து முறை படித்து, ஐந்து முறை கேட்பார்கள். நடுவில் வேறொரு பட்டியலைக் கொடுத்துக் குழப்புவார்கள். பேச்சை மாற்றி, அரை மணி கழித்து, “முதலில் படித்த சொற்களை இப்போது சொல்லுங்கள்” என்பார்கள். பிரமி எடுத்தவர்கள் மற்றவர்களைவிடச் சற்றே நன்றாகச் செய்தது இந்தக் கடைசிக் கட்டத்தில்தான். 76 பேர் ஆய்வும் இதையே வேறு விதமாகச் சொன்னது: புதிதாகக் கற்கும் வேகத்தில் வித்தியாசமில்லை, கற்றது மறந்துபோகும் வேகம் குறைந்திருந்தது.

ஆக, பிரமி பற்றி ஓரளவு நம்பிச் சொல்லக்கூடியது இதுவே. வளர்ந்தவர்களிடம், ஏறத்தாழ மூன்று மாதம் விடாமல் எடுத்தால், கேட்டதைச் சற்று நேரம் கழித்து நினைவுகூரும் திறன் கொஞ்சம் மேம்படலாம். அறிவுக்கூர்மை கூடும் என்றோ, கணக்கு வரும் என்றோ, மறதி நோய் வராது என்றோ எந்த ஆய்வும் நிறுவவில்லை. 2014-இல் ஒன்பது ஆய்வுகளைத் திரட்டி அலசியபோது மொத்தம் சேர்ந்தவர்கள் 518 பேர். ஜிங்கோவின் ஒரே ஆய்வில் 3,069 பேர் இருந்ததை எண்ணிப் பாருங்கள். பல ஆய்வுகளுக்கு மாத்திரையை வழங்கியதும் அதைத் தயாரிக்கும் நிறுவனங்களே. சிறு ஆய்வுகளில் தெரிந்த எத்தனையோ நன்மைகள் பெரிய ஆய்வில் காணாமல் போயிருக்கின்றன. பிரமிக்கு அந்தப் பெரிய பரீட்சை இன்னும் வைக்கப்படவில்லை. அல்சைமர் நோயாளிகளிடம் செய்தவையோ இன்னும் சிறியவை, அவற்றை வைத்து எதையும் பரிந்துரைக்க முடியாது.

பொதுத்தேர்வுக் காலத்தில் ஒரு நாட்டு மருந்துக் கடையில் நின்றுகொண்டிருந்தேன். ஓர் அம்மா வந்து, “பையன் பிளஸ் டூ எழுதுறான்ணே. இன்னும் ரெண்டு வாரந்தான் இருக்கு. ஞாபக சக்திக்கு நல்லதா ஏதாச்சும் குடுங்க” என்றார். கடைக்காரர் தயங்காமல் பிரமி டானிக் ஒன்றை எடுத்து வைத்தார். “காலைல ரெண்டு ஸ்பூன், ராத்திரி ரெண்டு ஸ்பூன் குடுங்கம்மா.” நான் அந்தப் பாட்டிலை வாங்கித் திருப்பிப் பார்த்தேன். 10 மில்லியில் பிரமி 200 மில்லிகிராம். கூடவே இன்னும் ஏழெட்டு மூலிகைகள். எல்லாவற்றையும்விட அதிகம் சர்க்கரை. இரண்டு வேளைக்கு 400 மில்லிகிராம் செடி. ஆய்வுகளில் கொடுத்த 300 மில்லிகிராம் சாறு, சுமார் 6 கிராம் உலர்ந்த செடியிலிருந்து எடுத்தது. அதாவது அந்தப் பையனுக்குக் கிடைக்கப்போவது ஆய்வு அளவில் பதினைந்தில் ஒரு பங்கு. அந்த அம்மா எடுத்து வைத்த பணத்தை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் கனக்கிறது.

அளவு சரியாகவே இருந்தாலும் இரண்டு வாரம் போதாது. 38 பேருக்கு ஒரே ஒரு வேளை 300 மில்லிகிராம் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்துச் சோதித்ததில் எந்த மாற்றமும் இல்லை. பிற்பாடு சில சிறு ஆய்வுகளில் லேசான மாற்றம் தெரிந்தது. தேர்வுக்கு முந்தைய நாள் கொடுக்க அதை ஆதாரமாக்க முடியாது. மருத்துவ மாணவர்கள் 60 பேரிடம் ஆறு வாரம் கொடுத்துச் செய்த ஆய்வில் சில சோதனைகளில் முன்னேற்றம் இருந்தது, ஆனால் அவர்கள் வயது வந்தவர்கள். குழந்தைகள் விஷயத்தில் இன்னும் எச்சரிக்கை வேண்டும். கவனக் குறைவும் துறுதுறுப்பும் மிகுந்த 6 முதல் 14 வயதுச் சிறுவர்கள் நூற்றுக்கும் மேற்பட்டோரிடம் 14 வாரம் நடத்திய ஆய்வு 2022-இல் வெளியானது. அவர்களின் நடத்தையில் பிரமி குறிப்பிடத்தக்க மாற்றம் எதையும் தரவில்லை. தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைக்கு இரவு ஏழெட்டு மணி நேரத் தூக்கம் கொடுங்கள். படித்தது மூளையில் பதிவதற்கு அதைவிட உறுதியான உதவி எந்தப் பாட்டிலிலும் இல்லை.

பாதுகாப்புக்கு வருகிறேன். பிரமியால் பெரிய தீங்கு நேர்ந்ததாக ஆய்வுகளில் இல்லை. வயிற்றைத்தான் அது அதிகம் படுத்தும்: குமட்டல், வயிற்றுப் பிடிப்பு, அடிக்கடி மலம் கழித்தல். அந்த 98 பேரில் கடைசிவரை நின்றவர்கள் 81 பேர். வெறும் வயிற்றில் எடுக்காமல் சாப்பாட்டுக்குப் பின் எடுத்தால் தொல்லை குறையும்.

மற்ற மாத்திரைகளோடு சேரும்போதுதான் நான் அஞ்சுகிறேன். மூளையில் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் சிதையாமல் காப்பது பிரமி செயல்படும் வழிகளில் ஒன்றாகக் கருதப்படுகிறது. அல்சைமருக்குத் தரும் டோனெபெசில் மாத்திரையின் வேலையும் அதுவே. இரண்டும் சேர்ந்தால் குமட்டல் கூடலாம், நாடித்துடிப்பு குறையலாம். ஏற்கெனவே நாடி மெதுவாக ஓடுபவர்கள், ஆஸ்துமாவோ குடல்புண்ணோ உள்ளவர்கள் விலகியிருப்பது நல்லது. சுண்டெலிகளில் பிரமி தைராய்டு ஹார்மோனைக் கூட்டியிருக்கிறது. மனிதர்களிடம் அப்படி நேருமா என்பது வேறு விஷயம், ஆனால் தைராய்டு மாத்திரை போடுகிறவர் டாக்டரிடம் சொல்லாமல் தொடங்கக் கூடாது. மருந்துகளைச் சிதைத்து வெளியேற்றும் கல்லீரல் நொதிகள் சிலவற்றைப் பிரமிச் சாறு தடுப்பதும் சோதனைக் குழாயில் தெரியவந்திருக்கிறது. ரத்தம் உறையாதிருக்க வார்ஃபரின் எடுப்பவர், வலிப்புக்கு மாத்திரை எடுப்பவர் இருவருக்கும் மருந்தின் அளவு நூலிழை பிசகினாலும் ஆபத்து என்பதால், அவர்களுக்குப் பிரமி வேண்டவே வேண்டாம் என்பேன். கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டுகிறவர்களுக்கும் அப்படியே. சாரஸ்வதாரிஷ்டம் போல அரிஷ்டமாக வாங்கினால் அதில் நொதித்து உண்டான ஆல்கஹாலும் இருக்கும். பொதுவாக 5 முதல் 10 சதவீதம்.

“மாத்திரை எதற்கு, வாய்க்காலில்தான் கிடக்கிறதே, பறித்துத் துவையல் அரைக்கிறேன்” என்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். பிரமி தான் நிற்கும் தண்ணீரில் உள்ள காட்மியம், ஈயம், குரோமியம் போன்ற உலோகங்களை உறிஞ்சித் தன் உடலில் சேர்த்துக்கொள்ளும் செடி. லக்னோவின் தேசியத் தாவரவியல் ஆராய்ச்சி நிறுவனத்தார், மாசுபட்ட நீரைச் சுத்திகரிக்கவே இதைப் பயன்படுத்தலாமா என்று ஆராய்ந்திருக்கிறார்கள். தோல் பட்டறைக் கழிவும் சாயக் கழிவும் கலக்கும் ஓடையோரத்தில் பச்சைப்பசேலென்று நிற்கும் பிரமியைத் தொடாதீர்கள். வேண்டுமானால் வீட்டுத் தொட்டியில் நல்ல தண்ணீர் விட்டு வளருங்கள்; ஒரு தண்டை ஒடித்து ஈரமண்ணில் குத்தினாலே வேர் பிடித்துவிடும். மாத்திரை வாங்குபவர்கள் தயாரிப்பு உரிம எண், தொகுதி எண், பக்கோசைடு அளவு, கன உலோகச் சோதனை பற்றிய குறிப்பு ஆகியவற்றைத் தேடுங்கள். அமெரிக்காவில் இணையம் வழியே விற்கப்பட்ட 193 ஆயுர்வேதத் தயாரிப்புகளைச் சோதித்தபோது ஐந்தில் ஒன்றில் ஈயம், பாதரசம், ஆர்சனிக் இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தது. 2008-இல் வந்த முடிவு அது.

இதையெல்லாம்விட என்னை வருத்துவது, பிரமி வாங்கிய நிம்மதியில் தள்ளிப்போகும் மருத்துவப் பரிசோதனை. “அப்பாவுக்கு இப்பல்லாம் ஞாபகமே நிக்கிறதில்ல” என்று சொல்லப்படும் பெரியவர்களில் சிலருக்கு வைட்டமின் பி12 குறைந்திருக்கும். சர்க்கரைக்கு மெட்ஃபார்மினை ஆண்டுக்கணக்கில் எடுப்பவர்களிடமும், சைவ உணவுக்காரர்களிடமும் இது சாதாரணம். சிலருக்குத் தைராய்டு குறைவு. சிலருக்கு மனச்சோர்வு. அரிப்புக்கும் சளிக்கும் போடும் சில மாத்திரைகளும் தூக்க மாத்திரைகளும் முதியவர்களின் நினைவை மங்கச் செய்யும். காது மந்தமானவர் கேட்கவே இல்லாததை மறந்துவிட்டதாக வீட்டார் நினைத்துக்கொள்வதும் உண்டு. இவை ஒவ்வொன்றுக்கும் தீர்வு இருக்கிறது; ரத்தப் பரிசோதனையிலோ, மாத்திரைச் சீட்டைப் பார்த்தோ, செவித்திறன் சோதனையிலோ கண்டுபிடித்துவிடலாம். மூன்று மாதம் பிரமி கொடுத்துக் காத்திருந்தால் அந்த மூன்று மாதம் போய்விடும்.

இவை எதுவும் இல்லை, மற்ற மாத்திரைகளும் இல்லை, ஐம்பதைத் தாண்டிய வயதில் முயன்று பார்க்க ஆசை என்கிறவரை நான் தடுக்க மாட்டேன். பக்கோசைடு அளவு குறிப்பிட்ட சாறு, நாளுக்கு 300 மில்லிகிராம், உணவுக்குப் பின், 12 வாரம். அதற்குள் உங்களுக்கே வித்தியாசம் தெரியாவிட்டால் நிறுத்திவிடுங்கள். அறுவை சிகிச்சை என்றால் முன்கூட்டியே மயக்க மருத்துவரிடம் பிரமி எடுப்பதைச் சொல்லுங்கள். அரசு மருத்துவமனைகளின் சித்த மருத்துவப் பிரிவுகளில் பட்டம் பெற்ற மருத்துவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் போகும்போது ஆங்கில மருந்துச் சீட்டையும், ஆங்கில மருத்துவரிடம் போகும்போது பிரமி டப்பாவையும் கையோடு கொண்டுபோங்கள். எடுத்தபின் கண் மஞ்சளாவது, படபடப்பு, விடாத வயிற்றுப்போக்கு என்று ஏதாவது கண்டால் உடனே நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள். இத்தகைய பக்கவிளைவுகளைப் பதிவு செய்யும் மையம் தாம்பரம் சானடோரியத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தில் இயங்குகிறது. உங்கள் மருத்துவர் வழியாக அங்கே தெரியப்படுத்தலாம்.

அடுத்த வாரம்: அமுக்கரா

(தொடரும்)