கழலாத சில்லு

கடலோரத்தில் வாழ்வோர்க்கு உப்பு ஓர் உறவினன். சோற்றிலும் இருப்பான், காற்றிலும் இருப்பான். திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்துக் குடியிருக்கும் எமக்கு, அவன் கதவுக் கீலையும் சாளரக் கம்பியையும் தின்பது பழகிப்போன செய்தி. காரின் சில்லையும் அவன் விட்டுவைப்பதில்லை என்பதை அண்மையில்தான் அறிந்தோம்.

நிலாவெளியில் ஒரு திருமணத்துக்குச் சென்று குடும்பத்துடன் திரும்பிக்கொண்டிருந்தோம். உப்புவெளியை நெருங்குகையில் ரயர் காற்றிழந்தது. பொழுது சாயும் நேரம். ஜக்கை வைத்துக் காரை உயர்த்தி, நட்டுகள் யாவற்றையும் கழற்றினோம். சில்லு மட்டும் கழலவில்லை. இழுத்தோம், உதைத்தோம், பயனில்லை. எமது மூத்த மகன் சுத்தியலை எடுத்துக்கொண்டு, உட்புறமிருந்து அடிப்பதற்காகக் காரின் கீழே புகுந்துவிட்டான். நாமும் தடுக்கவில்லை.

அவ்வழியே சைக்கிளில் வந்த முதியவர் ஒருவர் பதறி இறங்கினார். "வெளியால வா தம்பி! ஜக் காரைத் தூக்கும். ஆளைக் காக்காது" என்றவர், எம்பக்கம் திரும்பி, "மாஸ்டர், நீங்களும் பார்த்துக்கொண்டு நிற்கிறீங்களே!" என்றார். மகன் வெளியே வந்ததும் காரைக் கையால் மெல்லத் தொட்டு அசைத்தார். கார் ஆடியது. மணலில் ஜக்கின் அடி ஒருபுறம் புதைந்திருந்ததை அப்போதுதான் கண்டோம். தேர்ச்சில்லைத் தூக்க நிலத்தில் இறங்கிய கர்ணனின் முடிவை மாணவர்க்கு எத்தனையோ முறை விளக்கிய எமக்கு, நா வறண்டுபோயிற்று.

பெரியவர் பல்லாண்டுகள் இயந்திரம் திருத்தியவராம். கழற்றிய நட்டுகளை மீண்டும் பூட்டச் செய்தார்; இறுக்கவிடாது, ஒவ்வொன்றையும் ஒரு சுற்று தளர்த்திவைக்கச் சொன்னார். பின்பு ஜக்கை இறக்கி, காரை ஓரிரு முழம் முன்னும் பின்னுமாக ஊர்ந்து செல்லவிட்டு மெல்லப் பிரேக் பிடிக்கச் செய்தார். மூன்றாம் முறை 'டக்' என்றோர் ஒலி கேட்டது. மற்றைய சில்லுகளுக்குக் கல் அணைகொடுத்து, ஜக்கின் கீழ்ப் பலகை வைத்து உயர்த்தினோம். கனிந்த பழம் காம்பை விட்டு நீங்குவதுபோலச் சில்லு கையோடு வந்தது. எமது வலிமையால் ஆகாததைக் காரின் சொந்தப் பாரமே செய்துவிட்டது!

இதன் காரணம் வியப்புக்குரியது. 1800ஆம் ஆண்டில் வோல்ட்டா என்ற இத்தாலிய அறிஞர், நாகத் தகட்டையும் செம்புத் தகட்டையும் உப்புநீரில் நனைத்த துணியை இடையிட்டு அடுக்கி மின்னோட்டம் உண்டாக்கிய செய்தியை உலகுக்கு அறிவித்தார். அலுமினியக் கலவையாலான சில்லும், அது பொருந்தும் இரும்புக் குடமும், இடையே உப்பீரமும் சேர்ந்தால் அவையும் ஒரு சிறு மின்கலமே. அலுமினியம் அரிபடும், இரும்பும் துருவேறும். அரிப்பால் விளையும் பொருள் முன்னிருந்த உலோகத்தைவிட அதிக இடம் கொள்வதால், இடைவெளியை அடைத்து இரண்டையும் ஒன்றாக இறுக்கிவிடுகிறது. இரும்புச் சில்லாயினும் துரு அவ்வாறே பிணைக்கும்.

எனவே, கடலோரத்தில் கார் வைத்திருப்போர் ஆறு மாதத்துக்கு ஒருமுறையேனும் சில்லுகளைக் கழற்றுவித்தல் நன்று. குடத்தின் துருவைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, இதற்கென விற்கப்படும் மசகை நடுவே சில்லு பொருந்தும் விளிம்பில் மட்டும் மெல்லிதாகப் பூசலாம். நட்டுகள் பூட்டும் மரைகளிலும் பிரேக்கிலும் அது படலாகாது. நட்டுகளை ஒன்றுக்கொன்று எதிரெதிராக இறுக்கி, சிறிது தூரம் ஓடியபின் மீண்டும் சரிபார்த்தல் வேண்டும்.

இவற்றை மறப்பினும் ஒன்றை மறவாதிருப்போமாக. ஜக் மட்டும் தாங்கிநிற்கும் காரின் கீழ் எவரையும் புகவிடலாகாது. இருட்டுமுன் வீடு சேரவேண்டும் என்ற அவசரத்தில் ஒரு கணம் வாய்மூடி நின்றோமே, அதனை நினைக்குந்தோறும் இன்றும் எமது உள்ளம் நடுங்குகிறது.