இதயத் தசை நோயும் குடும்ப வரலாறும்

இளவயதில் ஒருவர் திடீரென வஃபாத்தாகிவிட்டால், “நெஞ்சடைப்பு” என்ற ஒரு சொல்லோடு பேச்சு முடிந்துவிடுகிறது. உண்மையில் அது அடைப்புதானா என்று வினவுவோர் குறைவு. இரத்தக் குழாயில் அடைப்பு ஏதுமின்றி, இதயத்தின் தசையே நோயுற்று உயிரைப் பறிப்பதும் உண்டு. மருத்துவர்கள் இதனைக் ‘கார்டியோமயோபதி’ என்பர்.

இந்நோயின் வகைகளுள் முக்கியமானவை இரண்டு. ஒன்றில் இதயத்தின் இடது கீழறை விரிந்து தளர்ந்து, இரத்தத்தை உந்தித் தள்ளும் வலுவை இழக்கிறது. மற்றொன்றில் அவ்வறையின் சுவர் தடித்துவிடுகிறது. விளையாட்டுத் திடலில் இளைஞர்கள் திடீரெனச் சாய்ந்து விழ இதுவும் ஒரு காரணமாகும்.

மாடியேறினால் மூச்சிரைப்பு, படுத்தால் திணறல், கால் வீக்கம், படபடப்பு, மயக்கம் ஆகியன இதன் அறிகுறிகள். எம். புதுப்பட்டி, சிவகாசி வட்டாரத்தில் மூச்சிரைப்பு என்றதும் பட்டாசு மருந்துத் தூசியின் மேல் பழிபோட்டு, இருமல் மருந்தோடு காலம் கடத்திவிடுவது எளிது. தாய்மார்கள் மற்றொன்றையும் கருத்தில் கொள்ள வேண்டும். பேறுகாலத்தின் கடைசி மாதத்திலும், அதன்பின் ஐந்து மாதம் வரையிலும் இதயத் தசை தளரும் நோய் சிலருக்கு வருவதுண்டு. பிள்ளை பெற்றவள் படுக்க முடியாமல் மூச்சுத் திணறினால் அதைப் பிரசவ அசதி என்று விட்டுவிடலாகாது.

நோயைக் கண்டறிய ஈ.சி.ஜி. முதல் தடயம் தரும். ‘எக்கோ’ எனும் ஒலியலைப் பரிசோதனை, துடிக்கும் இதயத்தைத் திரையில் காட்டும். அதில் ஊசியுமில்லை, வலியுமில்லை. இடது அறைச் சுவரின் தடிப்பு இயல்பாக ஒரு சென்டிமீட்டர் அளவே இருக்கும். இரத்தக் கொதிப்பு போன்ற வேறு காரணமின்றி அது ஒன்றரை சென்டிமீட்டரை எட்டினால், தடித்த தசை நோய் எனக் கருதுவர். அறையில் நிரம்பும் இரத்தத்தில் பாதிக்கு மேல் ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேற வேண்டும். அது குறைந்தால் தளர்ச்சி. அடைப்பு உண்டா என்ற ஐயத்தை ஆஞ்சியோகிராம் தீர்க்கும்.

இந்நோய் பல குடும்பங்களில் பரம்பரையாகத் தொடர்கிறது. இதற்கான சான்று நமக்கு அருகிலிருந்தே கிடைத்தது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் ஆய்ந்த தண்டபாணியும், ஐதராபாத் உயிரணு மூலக்கூறு உயிரியல் மையத்தின் தங்கராஜும், பிற அறிஞர்களும் 2009-இல் தம் முடிவை வெளியிட்டனர். இதயத் தசைப் புரதம் ஒன்றுக்குரிய மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்ட குறை, தெற்காசியருள் நூற்றுக்கு ஏறத்தாழ நால்வரிடம் உள்ளது என்பதே அது. குறையுடையோர் அனைவரும் நோயுறுவதில்லை. பலர் நலமாகவே வாழ்கின்றனர். ஆயினும் தாய், தந்தை இருவரிடமிருந்தும் அக்குறை பிள்ளைக்கு வந்துசேர்ந்தால் நோய் கடுமையாகிறது. சொந்தத்திலேயே நிக்காஹ் முடிப்பது மார்க்கத்தில் ஆகுமானது, கட்டாயமன்று. இதயநோய் உள்ள குடும்பத்தினர் சம்பந்தம் பேசுமுன் மருத்துவரைக் கலந்துகொள்வது நலம்.

ஒருவருக்கு இந்நோய் உறுதியானால், பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் அனைவரும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். “மகளுக்கு மாப்பிள்ளை அமையாதே” என்று மறைப்பது, அம்மகளின் உயிரோடு விளையாடுவதாகும். முழுமையாகக் குணமாகாவிடினும், மாத்திரைகளாலும், தேவையெனில் உடலுள் பொருத்தும் கருவியாலும் நெடுநாள் வாழ வழியுண்டு. ரமளானில் மாத்திரையைத் தாமாக நிறுத்தாமல் மருத்துவரைக் கேட்க வேண்டும். நோயாளிக்கு நோன்பில் மார்க்கமே சலுகை தந்திருக்கிறது.

உங்கள் குடும்பத்தில் இளவயதில் திடீரென மறைந்தவர் எவர் என்பதைப் பெரியவர்களிடம் இன்றே கேட்டறியுங்கள். அதை மருத்துவரிடம் மறவாமல் சொல்லுங்கள். மவ்த்தின் நேரம் அல்லாஹ்வின் நாட்டம். மருத்துவம் நாடுவதோ நம் கடமை.