பழைய மோட்டார் சைக்கிள் ஸ்ராட் வரவில்லையா? சைலென்சர் வெடிக்கிறதா?

விடிய நாலரை மணி. கத்தரிக்காய் மூடை பின்னால் கட்டியாயிற்று. கிக்கரை இருபது தரம் மிதித்தும் எஞ்சின் பற்றவில்லை. கடைசியில் ஒரு தரம் பற்றியது. உடனே சைலென்சரில் பெரிய வெடி. உள்ளே படுத்திருந்த அம்மம்மா திடுக்கிட்டு எழுந்து, பேரப்பிள்ளையை இழுத்து அணைத்தபடி நிலத்தோடு படுத்துவிட்டார். 2009 ஆம் ஆண்டு போர் முடிந்து எத்தனையோ வருடங்கள் போய்விட்டன. ஆனாலும் அந்தச் சத்தம் அவருடைய காதை விட்டுப் போகவில்லை.

இடம்பெயர்ந்து வாழும் விவசாயக் குடும்பம் ஒன்றுக்குப் பழைய மோட்டார் சைக்கிள் ஆடம்பரப் பொருள் அல்ல. சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்கும் அதுதான் கால். ஒருநாள் சந்தை தவறினால், வாசலுக்கு வரும் வியாபாரி சொன்ன விலைக்கே மரக்கறியைக் கொடுக்க வேண்டும்.

அந்த வீட்டுக்காரர் சைக்கிளை உருட்டிக்கொண்டு கராஜுக்குப் போனார்.

"தம்பி, காபரேற்றரைப் புதுசா மாத்தச் சொல்லுறாங்கள். கையில காசில்லை."

"பொறுங்கோ ஐயா. முதல்ல பிளக்கைக் கழட்டிப் பாப்பம். பாக்காமல் ஒண்டையும் வாங்காதேங்கோ."

இந்தப் புத்தி எல்லோருக்கும் உதவும். எஞ்சின் ஓட மூன்று விடயங்கள் வேண்டும்: காற்றோடு சரியாகக் கலந்த பெற்றோல், நேரம் தவறாத நெருப்புப் பொறி, சிலிண்டருக்குள் நல்ல அமுக்கம். இம்மூன்றையும் ஒழுங்காகப் பார்த்தால் பெரும்பாலான குறைகளைக் கண்டுபிடித்துவிடலாம்.

1. பெற்றோல் வருகிறதா?

தாங்கியில் பெற்றோல் இருக்கிறதா, குழாய் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். பின் காபரேற்றரின் அடிக்கிண்ணத்தில் உள்ள சிறு திருகாணியைத் தளர்த்தி, வெளிவருவதை ஒரு கண்ணாடிப் போத்தலில் பிடியுங்கள். ஒன்றும் வராவிட்டால் குழாயிலோ வடியிலோ அடைப்பு. அடியில் முத்து முத்தாகத் தண்ணீர் தங்கினால் தாங்கியையும் கிண்ணத்தையும் கழுவ வேண்டும். பல மாதங்கள் மரத்தின் கீழ் நின்ற சைக்கிள்களில் துருவும் பழுதான பெற்றோலும் சிறிய ஜெற் துளையை அடைத்துவிடும். ஜெற்றைக் கம்பியால் குத்தாதீர்கள், துளை பெரிதாகிவிடும். பெற்றோலில் கழுவி, காற்றடிக்கும் பம்மினால் ஊதுங்கள்.

கொஞ்சத் தூரம் ஓடி நின்றுவிடுகிறதா? தாங்கி மூடியைத் திறந்து மூடிய பின் மீண்டும் பற்றுகிறதா? அப்படியானால் மூடியிலுள்ள காற்றுத் துளை அடைபட்டிருக்கிறது.

1990 யூனில் போர் மீண்டும் தொடங்கிய பின், பொருளாதாரத் தடையால் வடக்கில் பெற்றோல் கிடைப்பது அரிதாயிற்று. சில துளி பெற்றோலில் ஸ்ராட் பண்ணி, சூடானதும் மண்ணெண்ணெயில் ஓடினோம். அன்று வேறு வழியில்லை. ஆனால் மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் எளிதில் ஆவியாகாது. பிளக்கில் கரி பிடிக்கும். எரியாத பகுதி கீழிறங்கி எஞ்சின் ஒயிலை நீர்க்கச் செய்யும். காசு மிச்சம் என்று இன்றும் கலந்து ஓடுவது எஞ்சினைத் தின்னும் பழக்கம். 2022 இல் எரிபொருள் தட்டுப்பாடு வந்தபோது போத்தல்களில் சேர்த்து வைத்த பெற்றோல் எங்காவது மிஞ்சியிருந்தால் அதையும் தாங்கியில் ஊற்ற வேண்டாம்.

2. பொறி வருகிறதா?

பிளக்கைக் கழற்றுங்கள். அதன் நிறமே பாதி விடயத்தைச் சொல்லும்.

மண்ணிறம்: எரிதல் சரி.
உலர்ந்த கரி: பெற்றோல் கூட, அல்லது எயர் கிளீனர் அடைப்பு.
நனைந்திருத்தல்: பெற்றோல் வருகிறது, பொறி இல்லை, அல்லது சோக் போட்டு அதிகம் மிதித்துவிட்டீர்கள்.
வெள்ளை: காற்றுக் கூட, பெற்றோல் குறைவு.

பிளக்கைத் துடைத்து, இடைவெளியை 0.6 முதல் 0.7 மில்லிமீற்றர் அளவுக்கு வையுங்கள். மூடியில் பொருத்தி, பிளக்கின் உலோகப் பகுதியை எஞ்சினின் உலோகத்தில் முட்டவைத்து மிதியுங்கள். நீல நிறத்தில் 'டிக்' என்று பாய்ந்தால் நல்ல பொறி. மங்கிய மஞ்சளாக இருந்தால் பலம் போதாது. இந்தச் சோதனையை வெளியிடத்திலேயே செய்யுங்கள். சிந்திய பெற்றோலைத் துடைத்துவிட்டு, பிளக்கைச் சிலிண்டர்த் துளைக்குத் தூரத்தில் பிடியுங்கள். பீடி, சிகரெட் கிட்ட வேண்டாம்.

ஹொண்டா சீ 70, சீ 90 போன்ற பழைய சைக்கிள்களில் பொயின்ற் உண்டு. அதன் முகம் கருகி அல்லது ஒயில் பட்டிருந்தால் நுண்ணிய எமறித்தாளால் மெதுவாகத் தேய்த்து, பின் சுத்தமான கடுதாசித் துண்டை இடையில் விட்டு இழுங்கள். முழுதாகத் திறந்தபோது இடைவெளி 0.3 முதல் 0.4 மில்லிமீற்றர் வேண்டும். மிதிக்கும்போது பொயின்றிலேயே பெரிய பொறி பறந்தால் கொண்டென்சரைச் சந்தேகியுங்கள். குளிரில் ஓடி, சூடானதும் நின்று, ஆறியபின் மீண்டும் ஓடினால் கொயிலையும் கொண்டென்சரையும் சோதிக்க வேண்டும்.

3. அமுக்கம் இருக்கிறதா?

பிளக் மூடியை எஞ்சின் உலோகத்தோடு படாமல் ஒதுக்கிவிடாதீர்கள். கழற்றிய பிளக்கை அதில் பொருத்தி உலோகத்தில் முட்டவிட்டு, தூர வையுங்கள். துளையில் விரலை அழுத்தி, இன்னொருவரை மிதிக்கச் சொல்லுங்கள். காற்று விரலைத் தள்ள வேண்டும். தள்ளாவிட்டால் ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஒயிலைத் துளைக்குள் விட்டு மீண்டும் பாருங்கள். இப்போது அமுக்கம் கூடினால் றிங் தேய்ந்துவிட்டது. கூடாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கஸ்கெற். சீ 70, சீ 90 எஞ்சின்களில் குளிர்ந்த நிலையில் வால்வு இடைவெளி 0.05 மில்லிமீற்றர். இடைவெளி இல்லாமல் இறுகிப்போனால் வால்வு முழுதாக மூடாது; ஸ்ராட்டும் வராது, வால்வும் கருகும்.

வெடி எங்கிருந்து வருகிறது?

வெடியில் இரண்டு வகை உண்டு. எது என்று கவனியுங்கள்.

சைலென்சரில் வெடித்தால், எரியாத பெற்றோல் அங்கே போய்ச் சூட்டில் பற்றுகிறது என்று அர்த்தம். பொறி இடையிடையே தவறுவது ஒரு காரணம்: பழைய பிளக், தளர்ந்த வயர், அழுக்கான பொயின்ற். அக்ஸிலேற்றரை விட்டு இறக்கத்தில் வரும்போது மட்டும் 'பட பட' என்று வெடித்தால், சைலென்சர் குழாய் எஞ்சினோடு சேரும் இடத்தைப் பாருங்கள். நட் தளர்ந்து, கஸ்கெற் போய், சுற்றிக் கரி படிந்திருக்கும். அந்த இடுக்கால் உள்ளே போகும் காற்றுத்தான் வெடிக்குத் துணை. பெற்றோல் குறைந்த கலவையும் இதே வெடியைத் தரும்.

காபரேற்றர் பக்கமாகத் துப்பினால், பெற்றோல் போதாமை, காபரேற்றர் பொருத்தில் காற்று ஒழுக்கு, உள்வால்வு மூடாமை, அல்லது ரைமிங் பிழை. கிக்கர் காலைத் திருப்பி அடித்தால் ரைமிங் முந்திவிட்டது. பறக்குஞ்சில்லில் உள்ள 'எஃப்' கோடு உறையிலுள்ள கோட்டுக்கு நேரே வரும்போது பொயின்ற் திறக்கத் தொடங்க வேண்டும். கை பழகாதவர்கள் இதைக் கராஜ்காரரிடம் விடுவது நல்லது.

அந்த ஐயாவின் சைக்கிளில் இருந்தது என்ன? பொயின்ற் தேய்ந்து இடைவெளி ஒடுங்கியிருந்தது. அதனால் ஸ்ராட் வரவில்லை. சைலென்சர் நட் ஒன்று கழன்று விழுந்திருந்தது, கஸ்கெற் கருகியிருந்தது. ஒரு நட், ஒரு கஸ்கெற், ஒரு மணித்தியால வேலை. காபரேற்றரில் ஒரு குறையும் இல்லை.

மறக்கக்கூடாதவை

எயர் கிளீனரை மாதம் ஒருமுறை சுத்தம் செய்யுங்கள். புழுதி வீதியில் ஓடுபவர்கள் இன்னும் அடிக்கடி. பிளக் சாவி, ஒரு பழைய நல்ல பிளக், ஒரு துண்டு எமறித்தாள் ஆகியவற்றைச் சீற்றுக்குக் கீழே வையுங்கள். ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் கை வைக்காதீர்கள். ஒன்றைச் செய்து, மிதித்துப் பார்த்து, பிறகு அடுத்தது.

இந்த வேலையை உங்கள் வீட்டு மகளும் மகனும் பக்கத்தில் இருந்து பார்க்கட்டும். காணியையும் வீட்டையும் விட்டு வந்தபோது கைத்தொழிலை யாரும் நம்மிடமிருந்து பறிக்கவில்லை. நாளை விடியற்காலை சைக்கிள் சத்தமில்லாமல் புறப்பட்டால், சந்தையும் தவறாது. அம்மம்மாவும் நிம்மதியாக உறங்குவார்.